ஒரே பெயரில் நான்கு பணம்: சோலார், கடல்பாசி, அலையாத்தி, பயிற்சித் திட்டங்களில் ‘மானியம்’ எப்படி வருகிறது?

“வீட்டுக்கு சோலார் போட்டால் அரசு 78,000 ரூபாய் கொடுக்குதாம்.” “கடல்பாசி போட்டால் அறுபது சதவீதம் சும்மா வருதாம்.” “பயிற்சிக்குப் போனால் கையில் பணம் தருவாங்களாம்.” ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடற்கரை ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் யாருக்கு, எப்போது, எந்த வழியில் அந்தப் பணம் போகிறது என்பது மூன்றிலும் வேறு வேறு. எல்லாவற்றையும் ‘மானியம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் அந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. அது தெரியாமல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் “மானியம் வரும்னு சொன்னாங்க, கடன்தான் வந்தது” என்ற வருத்தம் கிளம்புகிறது.

இந்தக் கட்டுரை புதியவர்களுக்கானது. எந்தத் திட்டத்துக்கு எந்தப் படிவம் என்ற பட்டியலைத் தருவது இதன் வேலை இல்லை. எந்தப் புதுத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அதில் பணம் எந்த வாய்க்காலில் ஓடுகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கும்படி செய்ய வேண்டும் என்பதே நோக்கம்.

அட்வான்ஸ் தெரிந்தவருக்கு மானியம் புரியும்

நாட்டுப்படகு வைத்திருப்பவர் வலை வாங்க வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்குவது இந்தக் கரையில் புதிதல்ல. அந்தப் பணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: பிடிக்கிற மீனை அவரிடமே போட வேண்டும். வலைக்கு வாங்கியதை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டு மீனையும் வேறு ஆளிடம் போட்டால், வியாபாரி மறுநாளே வாசலில் நிற்பார். பணம் கைக்கு வந்துவிட்டாலும் எதற்காக வந்தது என்ற கணக்கு அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அரசு மானியமும் இப்படி நிபந்தனையோடு வருகிற பணம்தான். ஒரு குறிப்பிட்ட வேலை நடக்க வேண்டும் என்று அரசு விரும்புகிறது. அதைச் செய்ய முன்வருபவருக்குச் செலவில் ஒரு பங்கையோ முழுவதையுமோ கொடுக்கிறது. இதுவே மானியம். சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துக் கணக்கும் கொடுத்துவிட்டால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வேலை மாறினாலோ கணக்கு வராமல் போனாலோ அரசு திரும்பக் கேட்கும்.

அட்வான்ஸிலிருந்து மானியம் பெரிதாக விலகும் இடம் ஒன்று உண்டு. அட்வான்ஸ் முன்னால் வரும். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்த பின்தான் வரும். மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

நான்கு வாய்க்கால்

தூய ஆற்றல், சுற்றுச்சூழல், தொழிற்பயிற்சி ஆகிய மூன்று துறைகளிலும் அரசுப் பணம் நான்கு வழிகளில் ஓடுகிறது.

ஒன்று, நீங்கள் ஒரு பொருளை வாங்கிப் பொருத்துகிறீர்கள்; விலையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. வீட்டுச் சோலார், கடல்பாசி மிதவை எல்லாம் இந்த வகை. இதை முதலீட்டு மானியம் என்போம்.

இரண்டு, வங்கி கடன் கொடுக்கிறது. அந்தக் கடனில் ஒரு பகுதியை அரசு பிற்பாடு அடைக்கிறது. இது கடனோடு இணைந்த மானியம்.

மூன்று, ஊராட்சிக்கோ சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ ஒரு முழுத் திட்டத்தை நடத்தப் பணம் வருகிறது. இதன் பெயர் உதவி மானியம். ‘சமூகத் திட்டம்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதில் அடங்கும்.

நான்கு, பயிற்சிச் செலவு. இது பயிற்சி தரும் நிறுவனத்துக்குப் போகிறது, பயிற்சி பெறுபவருக்குக் கல்வி இலவசமாகிறது.

ஏதாவது ஒரு திட்டத்தைப் பற்றி யாராவது சொன்னால், இந்த நான்கில் எது என்பதை முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வீட்டுச் சோலார்: முதலில் செலவு, பிறகு வரவு

பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மானியக் கணக்கு எளிது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக, 1 கிலோவாட் போட்டால் 30,000. 2 போட்டால் 60,000. 3 போட்டால் 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான்.

3 கிலோவாட் அமைக்க 1,80,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,80,000-ஐ முதலில் நீங்கள் திரட்ட வேண்டும், கையிருப்பாகவோ இதற்கென்று வங்கிகள் தரும் அடமானம் கேட்காத கடனாகவோ. பேனல் ஏறி, நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியம் சோதித்து, இணையதளத்தில் நிறைவுச் சான்று பதிவான பிறகுதான் 78,000 உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். நெட் மீட்டர் என்பது நீங்கள் கிரிடுக்கு, அதாவது மின்வாரியக் கம்பிக்கு, கொடுத்த யூனிட்டையும் அங்கிருந்து எடுத்த யூனிட்டையும் தனித்தனியாகப் பதியும் இருவழி மீட்டர்.

வரிசை இதுதான்: ஈபி இணைப்பு எண்ணோடு தேசிய இணையதளத்தில் பதிவு, மின்வாரியத்தின் ஒப்புதல், அங்கே பட்டியலில் உள்ள விற்பனையாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, நெட் மீட்டர், ஆய்வு, வங்கி விவரம், மானியம். பட்டியலில் இல்லாத ஆளிடம் மலிவாகப் போட்டுவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. பேனல் மட்டுமின்றி அதற்குள் இருக்கும் சூரிய மின்கலமும் (செல்) இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் இதை எழுதி வாங்குங்கள். விலை வித்தியாசமாகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

நம் கரை ஊர்களில் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்துக்கு வெளியே இருக்கின்றன. ஈபி இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கும். வங்கிக் கணக்கு மகன் பெயரில். முதலில் பெயர் மாற்றம் செய்தாக வேண்டும். அதற்கு வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது வேண்டும். கூரை ஓலையாகவோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாகவோ இருந்தால் பேனலின் எடையையும் காற்றையும் தாங்காது. கிலோவாட் ஒன்றுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி தளம் தேவை. வீட்டுக்குத் தெற்கே நிற்கும் தென்னையின் நிழலையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 720 யூனிட். உங்கள் வீட்டுச் செலவே 150 யூனிட்தான் என்றால், மானியம் இருந்தும் இந்த முதலீடு உங்களுக்குப் பெரிதாக மிச்சம் தராது. ஏசி, மோட்டார், ஐஸ் பெட்டி என்று இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு இது நல்ல கணக்கு. மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாததை வாங்குவது நஷ்டம்.

சர்ச், ஜமாத் மண்டபம், கோயில், ஊராட்சிக் கட்டடம் ஆகியவற்றுக்கு இந்தத் திட்டத்தில் நேரடி மானியம் இல்லை. இது வீட்டு இணைப்புக்கானது.

விவசாயச் சோலார் பம்புக்கான குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 60 சதவீதம் தருகின்றன. அதில் மானியம் உங்கள் கைக்கு வராமல் நேரே பம்பு பொருத்தும் நிறுவனத்துக்குப் போகும். உங்கள் பங்கை மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள்.

சுருக்கமாக: முதலீட்டு மானியத்தில் முழு விலையையோ உங்கள் பங்கையோ முன்கூட்டியே திரட்ட வேண்டும். பெயர், கணக்கு, இணைப்பு மூன்றும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும்.

கடல்பாசி: பங்கு எப்படிப் பிரிகிறது

2020-இல் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பயனாளிகளுக்கான மானியம் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். இது திட்ட மதிப்பின் மீதான சதவீதம் என்பதைக் கவனியுங்கள். திட்ட மதிப்பு என்பது அரசு அந்தப் பொருளுக்கு நிர்ணயித்த விலை. சந்தை விலை அதைத் தாண்டினால் கூடுதல் முழுவதும் உங்கள் தலையில்.

கடல்பாசிக்கான மூங்கில் மிதவை ஒன்றுக்கு நிர்ணயித்த மதிப்பு 1,500 ரூபாய். ஒரு பெண் பத்து மிதவை போட்டால் திட்ட மதிப்பு 15,000, மானியம் 9,000, அவர் பங்கு 6,000. மூங்கில் விலையும் கயிறு விலையும் ஏறி மிதவை ஒன்று 1,900 ரூபாய் ஆகிவிட்டால் மொத்தச் செலவு 19,000. மானியமோ அதே 9,000. அவர் பங்கு 10,000 ஆகிவிடும். ‘அறுபது சதவீதம்’ என்று கேட்டு வந்தவருக்குக் கிடைத்தது ஐம்பதுக்கும் குறைவு. ஏமாற்றியவர் யாரும் இல்லை. நிர்ணய மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி அது.

அந்த 9,000 ரூபாயிலும் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பங்கு உண்டு: 5,400 அங்கிருந்து, 3,600 இங்கிருந்து. இரண்டும் சேர்ந்தால்தான் பணம் இறங்கும். “சாங்ஷன் ஆகிவிட்டது, பணம் வரவில்லை” என்று அலுவலகத்தில் சொன்னால் எந்தப் பங்கு நிற்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

மிதவை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. ஒன்றில் 50 முதல் 60 கிலோ விதைப்பாசி கட்ட வேண்டும். 45 நாளில் அறுவடை. நன்றாக வளர்ந்தால் 200 கிலோவுக்கு மேல் பச்சைப்பாசி கிடைக்கும். அதில் அடுத்த சுற்றுக்கு விதையை எடுத்துவைத்துவிட்டு மீதியைக் காயப்போட வேண்டும். அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடாகும்போது தண்டு வெளுத்து ஒடியும் நோய் வரும். வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கம் அலை மிதவையைப் பிய்த்துவிடும். ஆகவே மானிய ஆணை ஐப்பசியில் வந்தால் அவசரப்பட்டு மிதவை இறக்காமல், மூங்கிலைக் கரையில் வைத்துவிட்டுத் தை வரை காத்திருக்க அலுவலகத்திடம் எழுத்தில் கேட்பது புத்திசாலித்தனம்.

கப்பாபைகஸ் என்ற இந்தப் பாசி வெளிநாட்டு இனம். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மீது அது படர்ந்தது ஆய்வாளர்கள் பதிவு செய்த விஷயம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய கடலில் இதை வளர்க்க அனுமதி இல்லாததற்குக் காரணம் இதுவே. மண்டபம் ஊரின் வடபக்கம் பாக் விரிகுடாவில் வளர்ப்பது வேறு, தென்பக்கம் மன்னார் வளைகுடாவில் வளர்ப்பது வேறு. இடம் மாறினால் மானியம் மட்டுமல்ல, மிதவையும் போய்விடும்.

தொண்டிப் பக்கம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாய்க்கு கடல்பாசிப் பூங்கா ஒன்றுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இது அரசே கட்டும் கட்டமைப்பு. தனி ஆளுக்கான மானியம் இல்லை. செய்தியில் வரும் கோடிகளைப் பார்த்து “நமக்கு எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன் இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

கடனோடு வரும் மானியம்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊரகப் பகுதியில் ஒரு பெண் 10 லட்சம் ரூபாயில் சோலார் பழுதுபார்க்கும் கடை வைக்கிறார். அவருடைய சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 50,000. வங்கி 9,50,000 கடன் தருகிறது. மானியம் 35 சதவீதம், 3,50,000 ரூபாய்.

அந்த மூன்றரை லட்சம் அவர் கைக்கு வராது. அவர் கடன் வாங்கிய வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாகப் பூட்டி வைக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி இல்லை. அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வட்டி இல்லை. மூன்று ஆண்டு முடிந்து, கடை உண்மையில் நடக்கிறது என்று நேரில் பார்த்துச் சான்று கொடுத்த பின் அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். இடையில் கடையை மூடிவிட்டால் மானியம் அரசுக்கே திரும்பிப் போகும், கடன் அவர் தலையிலேயே நிற்கும். இதைப் பின்முனை மானியம் என்று வங்கிகளில் சொல்வார்கள்.

“லோன் போட்டால் மானியம் தனியாகக் கையில் வரும்” என்று எவராவது சொன்னால் அவருக்கு இந்த வைப்புக் கணக்கு தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

ஊருக்கு வரும் பணம்: உதவி மானியம்

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமூகத் திட்டங்கள் உருவாவதும் உடைவதும் இங்கேதான்.

முதல் கேள்வி: பணத்தை யார் வாங்க முடியும்? ‘ஊர் மக்கள்’ என்ற பெயரில் வங்கிக் கணக்கு கிடையாது. சட்டப்படி பதிவான ஓர் அமைப்பு வேண்டும். ஊராட்சி, மீனவர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்த சங்கம், அறக்கட்டளை. இவற்றில் ஒன்று. தன்னார்வ அமைப்பு மத்திய அரசுப் பணம் கேட்பதானால் ‘தர்பண்’ இணையதளத்தில் பதிவு எண் எடுத்திருக்க வேண்டும். பதிவு இருந்தும் ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சங்கம் காகிதத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. கடற்கரைச் சங்கங்கள் பலவும் விண்ணப்பிக்கும் நாளில்தான் இதைக் கண்டுபிடிக்கின்றன.

இரண்டாவது, விரிவான திட்ட அறிக்கை. என்ன செய்யப் போகிறோம், எங்கே, எவ்வளவு செலவில், யார் நடத்துவார்கள், முடிந்த பின் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதும் ஆவணம் அது. நல்ல அறிக்கை பத்துப் பதினைந்து பக்கத்தில் முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கரை ஊரில் கிணற்று நீர் உப்பு. ஊராட்சி வைத்திருக்கும் ஆர்ஓ குடிநீர் நிலையத்துக்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்ட முடியவில்லை. அதன் மேல்தளத்தில் 10 கிலோவாட் சோலார் போட்டு, ஊர் இளைஞர் இருவருக்குப் பராமரிப்புப் பயிற்சி கொடுக்கலாம் என்று திட்டம். கிலோவாட் ஒன்றுக்கு 55,000 என்றால் பேனல் செலவு ஐந்தரை லட்சம். மாதம் சுமார் 1,200 யூனிட் கிடைக்கும். கடந்த ஓராண்டு ஈபி பில்லை இணைத்தால் இந்த எண் நிற்கும். ‘பெண்கள் மேம்பாடு, உலக வெப்பமயம்’ என்று நான்கு பக்கம் எழுதி பில்லை இணைக்காமல் விட்டால் நிற்காது.

மூன்றாவது, ஊரின் பங்கு. தமிழ்நாட்டின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன ஐந்தரை லட்சத்தில் இது ஏறக்குறைய 1,83,000. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள், ஜமாத், படகு உரிமையாளர்கள் என்று சேர்த்தால் எட்டக்கூடிய தொகை. கிராம சபைத் தீர்மானம் பெரும்பாலும் கேட்கப்படும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஊர் மொத்தத்துக்கும் போட்டி வைத்துத் தரும் பணமும் உண்டு. சூரிய வீடு திட்டத்தின் ‘மாதிரி சூரிய கிராமம்’ பிரிவில், 5,000 பேருக்கு மேல் வாழும் வருவாய் கிராமங்கள் ஆறு மாதம் போட்டியிட்டு, அதிகத் திறனுக்குச் சூரிய மின்சாரம் முதலான புதுப்பிக்கத்தக்க ஆற்றலை அமைத்த ஊருக்கு மாவட்டத்துக்கு ஒன்று வீதம் ஒரு கோடி ரூபாய் மத்திய உதவி. இந்தப் பணத்துக்கும் திட்ட அறிக்கை உண்டு. ஊர் கூடிப் பங்கு போட முடியாது.

ஒரு பக்கக் காகிதம்

உதவி மானியம் தவணையாக வரும். முதல் தவணையின் கணக்கைக் கொடுத்தால்தான் அடுத்தது. அந்தக் கணக்குக் காகிதத்தின் பெயர் பயன்பாட்டுச் சான்றிதழ். அலுவலகங்களில் யூசி என்பார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் சங்கம் போன்ற அமைப்புகளுக்கு இதன் படிவ எண் 12-ஏ.

அதில் இருப்பது இவ்வளவுதான்: எந்த ஆணையின்படி எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, முன்னிருப்பு எவ்வளவு, வங்கி வட்டி எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது, மிச்சம் எவ்வளவு, எந்த நோக்கத்துக்குக் கொடுத்தார்களோ அந்த நோக்கத்துக்கே செலவானது என்ற உறுதிமொழி, பொறுப்பாளர்களின் கையெழுத்து. நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இந்த ஒரு பக்கத்தில்தான் நல்ல எண்ணம் கொண்ட சங்கங்களும் மாட்டிக்கொள்கின்றன. பேனலுக்கு வந்த பணத்தில் மண்டபத்தின் ஒழுகும் கூரையைச் சரிசெய்துவிடுவார்கள். கூரை சரியில்லாமல் பேனல் எப்படி நிற்கும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஆணையில் கூரை இல்லை; உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியாது. செலவுத் தலைப்பை மாற்ற வேண்டுமானால் செலவுக்கு முன் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். மானியம் சேமிப்புக் கணக்கில் கிடந்தபோது சேர்ந்த வட்டியையும் ‘நம் கணக்கில் வந்தது’ என்று எடுத்துச் செலவிடக் கூடாது. அது அரசுக்குச் சேர வேண்டியது. பில் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். தலைவர் பெயரில் வாங்கிய பில் தணிக்கையில் செல்லாது. மானியத்தில் வாங்கிய பொருளை அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஒரு சொத்துப் பதிவேடு வைத்து, இன்வெர்ட்டரின் சீரியல் எண் வரைக்கும் எழுதிவையுங்கள்.

இதுவரை: பதிவான அமைப்பு, எண்களோடு கூடிய அறிக்கை, ஊரின் பங்கு, தலைப்பு மாறாத செலவு, நேரத்துக்குக் கணக்கு. ஐந்தில் ஒன்று தளர்ந்தாலும் இரண்டாம் தவணை நின்றுவிடும். பாதி முடிந்த வேலை ஊர் நடுவே துருப்பிடித்து நிற்கும்.

சுற்றுச்சூழல் பணம்: நட்டதா, பிழைத்ததா?

2023 ஜூன் 5 அன்று தொடங்கிய ‘மிஷ்டி’ என்ற மத்தியத் திட்டம் கடலோர உப்புநீரில் வளரும் அலையாத்தி (மாங்குரோவ்) காடுகளுக்கானது. இத்தகைய பணம் வனத்துறை வழியாக வந்து, வாய்க்கால் வெட்டும் கூலி, நாற்றங்கால் கூலி என்று ஊருக்குள் இறங்குகிறது. வாங்கும் ஊர் அமைப்பு பெரும்பாலும் கிராமச் சூழல் மேம்பாட்டுக் குழுவாக இருக்கும். தொண்டிக்கு அருகே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துவது இப்படி வனத்துறையோடு ஊர் சேர்ந்து செய்யும் வேலைதான்.

நட்ட கன்று எத்தனை என்று எண்ணுவது எளிது. எத்தனை பிழைத்தது என்பதே கேள்வி. ஓதம் ஏறி இறங்காத உப்புத்தரையில் நட்டால் முதல் கோடையிலேயே கருகும். ஆகவே முதலில் மீன்முள் வடிவில் நடுவாய்க்காலும் பக்கவாய்க்கால்களும் வெட்டி, கடல்நீர் வந்துபோக வழி செய்து, வாய்க்கால் ஓரத்தில் நடுகிறார்கள். நம் பக்கம் உப்பு அதிகம் என்பதால் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் தாங்கும் அளவு மற்ற இனங்கள் தாங்குவதில்லை. கடற்புல் படுகை மீது நட்டு இலக்கைக் காட்டுவது மிகப் பெரிய தவறு. ஆவுளியா என்ற கடற்பசு மேயும், நண்டும் இறாலும் குஞ்சு பொரிக்கும் அந்தப் புல்வெளியை அழித்துக் காடு வளர்ப்பதில் யாருக்கும் லாபமில்லை. திட்ட அறிக்கையில் மூன்று ஆண்டுக்கு இடைநிரப்பு நடவுக்கும் (பட்டுப்போன கன்றுக்குப் பதில் நடுவது) காவலுக்கும் பணம் இல்லையென்றால், அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பயிற்சிப் பணம் யாருக்கு?

பயிற்சித் திட்டங்களில் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று அரசு கொடுப்பது பயிற்சி நிறுவனத்துக்கு. தொடங்கும்போது ஒரு பங்கு, தேர்வு முடிந்த பின் ஒரு பங்கு, வேலையில் சேர்ந்ததைக் காட்டினால் மீதி என்று தவணை பிரிப்பது வழக்கம். அதனால்தான் சில இடங்களில் ஆள் சேர்ப்பதில் காட்டும் வேகத்தை வேலை வாங்கிக் கொடுப்பதில் காட்டுவதில்லை. சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சான்றிதழை யார் தருகிறார்? போன பிரிவில் சேர்ந்தவர்களில் யார் எங்கே வேலை செய்கிறார்கள்? செய்முறைக்கு உண்மையான பேனலும் இன்வெர்ட்டரும் இருக்கிறதா?

சூரியமித்ரா என்ற சோலார் தொழில்நுட்பப் பயிற்சி 600 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம். பத்தாம் வகுப்போடு ஐடிஐ எலக்ட்ரீஷியன் போன்ற படிப்பு முடித்தவர்களுக்குப் பொருந்தும். இந்த மாவட்டத்திலேயே வேலைக்கு இடம் இருக்கிறது: கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கண்முன் நிற்கிறது. வீட்டுச் சோலார் பெருகுவதால் பழுதுபார்க்கும் ஆளுக்கும் தேவை கூடுகிறது. ஆனால் மின் இணைப்பு வேலையில் கைவைக்கப் பயிற்சிச் சான்று மட்டும் போதாது. அரசு நடத்தும் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வையும் எழுதி வைப்பது நல்லது.

மானியம் தொடாத செலவு: உப்பும் காற்றும்

மானியம் ஒருமுறை வரும். உப்புக்காற்று தினமும் வரும். கரையோரத்தில் பேனல் தாங்கியின் இரும்புக்குக் குறைந்தது 80 மைக்ரான் சூடான துத்தநாக முலாம் வேண்டும்; நட்டு போல்ட் கடல்காற்றைத் தாங்கும் உயர்தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். பேனலுக்கு உப்புப்பனிச் சோதனைச் சான்று கேளுங்கள். அதன் எண் ஐஇசி 61701. பெயின்ட் மட்டும் அடித்த சாதா ஆங்கிள் இரண்டு மழைக்காலத்தில் பல் இளித்துவிடும். கஜா போன்ற புயலை நினைத்துத் தாங்கியைத் தளத்தின் கான்கிரீட்டோடு பிணைக்கச் சொல்லுங்கள்; மேலே வெறும் கல் பாரம் வைத்து நிறுத்துவது இந்தக் கரைக்கு உதவாது.

பேனலை ஊர்க் கிணற்று உப்புநீரால் கழுவினால் வெள்ளைப் படலம் படிந்து மின்சாரம் குறையும். 10 கிலோவாட்டுக்குப் பத்தொன்பது, இருபது பேனல் வரும்; மாதம் இருமுறை நல்ல தண்ணீரில் ஐம்பது லிட்டர் போதும். பேனல் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டர் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டி வரும். அதற்குப் பணம் தர எந்தத் திட்டமும் அப்போது வராது. மிச்சமாகும் கரண்ட் பில்லிலிருந்து மாதம் 1,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டால் பத்து ஆண்டில் 1,20,000. இந்தத் தீர்மானத்தைச் சோலார் போடும் முன்பே ஊர்க்கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போட்ட பிறகு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

கரையில் புதிதாகக் கட்டடமோ கொட்டகையோ எழுப்புவதாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே வரும். இருக்கும் கட்டடத்தின் மேல்தளத்தைப் பயன்படுத்துவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

எப்போது தொடங்குவது?

அரசுப் பணம் ஏப்ரலில் பிறந்து மார்ச் 31-இல் முடிகிறது. ஜனவரியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு மார்ச் கடைசி வாரத்தில் ஆணை வந்து, “நாளைக்குள் பில் கொடுங்கள்” என்ற அவசரத்தில் மட்டமான பொருள் ஏறுவது வழக்கமாகிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருக்கும் காலம் அது. மே 1 கிராம சபையும் அதற்குள் வருகிறது. ஈபி பெயர் மாற்றம், சங்கத்தின் ஆண்டுக் கணக்குத் தாக்கல், ஓராண்டு பில் திரட்டல், கிராம சபைத் தீர்மானம் ஆகிய நான்கையும் அந்த இரண்டு மாதத்தில் முடித்து, ஜூன் கடைசிக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான தேதி முத்திரையை நகலில் வாங்கிவையுங்கள். விண்ணப்பிக்க இணையதளத்திலோ அலுவலகத்திலோ எவருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. முப்பது நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் அந்த முத்திரை போட்ட நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம்.